கற்கருவிகளை எந்த முறையில் வகைப்படுத்துவது: ஐந்து வழிகளின் ஒப்பீடு

அகழாய்விலோ கள ஆய்விலோ கிடைத்த கற்கருவித் தொகுப்பைக் கழுவுவதற்கு முன்பே எடுக்கவேண்டிய ஒரு முடிவைப் பெரும்பாலோர், கற்கள் கழுவப்பட்டு, எண்ணிடப்பட்டு, மேசைக்கு வந்த பிறகுதான் எண்ணிப் பார்க்கிறார்கள். இவற்றை எந்த முறையில் வகைப்படுத்துவது? பெயரிட்ட வகைகளின் பட்டியலை வைத்துக்கொண்டு எண்ணிச் செல்வதா, ஒவ்வொரு கல்லும் உடைக்கப்பட்ட வரிசையைத் தேடுவதா, அளவுகளை எடுத்துப் புள்ளியியலிடம் ஒப்படைப்பதா, விளிம்பை நுண்ணோக்கியின்கீழ் வைப்பதா? பாடநூல்கள் இம்முறைகளை அடுத்தடுத்த இயல்களில் நன்றாகவே விளக்குகின்றன. ஆனால் கையில் ஒரு தொகுப்பும் அளவான காலமும் உள்ள மாணவரோ அருங்காட்சியகப் பதிவாளரோ எதைத் தேர்வது என்பதை அவரிடமே விட்டுவிடுகின்றன.

இம்முறைகள் ஒவ்வொன்றும் கல்லிடம் வேறொரு கேள்வியைக் கேட்கின்றன என்பது பலரும் அறிந்ததுதான். அதிகம் பேசப்படாத செய்தி வேறு: சில முறைகளைக் கையாண்டபின் மற்றவற்றுக்குத் திரும்ப வழி இருக்கிறது, சிலவற்றுக்குப் பின் அவ்வழி அடைபட்டுவிடுகிறது. தேர்வில் மிகுந்த எடை பெறவேண்டியது இதுவே என்பது என் கருத்து.

## எவற்றைக் கொண்டு எடைபோடுவது

முதலில் கேள்வி. தொகுப்பின் காலத்தையும் உறவையும் அறிய வேண்டுமா, செய்திறனை அறிய வேண்டுமா, அல்லது கருவி எதற்குப் பயன்பட்டது என்பதா? இரண்டாவது, தொகுப்பின் நிலை: சலித்து எடுத்த கழிவுச் செதில்களும் (கல்லை உடைக்கும்போது தெறித்து விழும் துண்டுகள்) இருக்கின்றனவா, அழகான கருவிகள் மட்டும் பொறுக்கப்பட்டவையா, நிலப்பரப்பில் கிடந்தவையா, உடைந்தவை எத்தனை பங்கு என்பவை. மூன்றாவது, ஒரே கல்லை இருவர் தனித்தனியே பார்த்தால் ஒரே முடிவுக்கு வருவார்களா என்பது. நான்காவது, முன்பு வெளியான அறிக்கைகளோடு ஒப்பிட முடியுமா என்பது. ஐந்தாவது, காலமும் கருவிகளும் பயிற்சியும். ஆறாவது, மேலே சொன்ன மீள்வழி.

| முறை | எதற்கு நன்றாக விடை தரும் | என்ன தேவை | மறைந்திருக்கும் செலவு | பின்னர் வேறு முறைக்கு மாற இயலுமா |
|---|---|---|---|---|
| வகைப்பட்டியல் | பழைய அறிக்கைகளோடு ஒப்பீடு, விரைவான இருப்புக் கணக்கு | பயின்ற கண் | ஆளுக்கு ஆள் வேறுபாடு. கூர்தீட்டலால் மாறிய வடிவங்கள் தனி வகைகளாதல் | கற்களை மீண்டும் பார்த்தால் மட்டுமே |
| ஐந்து முறைமைகள் | கண்ட அளவிலான பெரும்படம் | மிகக் குறைவு | வளர்ச்சிப் படி என்ற மயக்கம் | இயலாது |
| செய்முறை வரிசை | கல்லுடைப்பு அறிவு, மரபு | கழிவு உட்பட முழுத் தொகுப்பு, நீண்ட பயிற்சி | காலம். விளக்கத்தின் தன்விருப்பம் | ஓரளவு |
| பண்புக்கூறும் அளவீடும் | மாறுபாட்டின் அளவு, சோதிக்கத்தக்க கருதுகோள் | அளவுகோல், வரையறை ஏடு, புள்ளியியல் | பயனற்ற அளவுகளின் குவியல் | பெரும்பாலும் இயலும் |
| தேய்மான ஆய்வு | பயன்பாடு | நுண்ணோக்கி, சோதனைக் கருவிகள், கெடாத விளிம்பு | சிறு மாதிரி. முறையற்ற கழுவலும் பையும் கெடுப்பவை | இயலும். ஆனால் இதை முதலில் செய்யவேண்டும் |

## வகைப்பட்டியல்

வரையறுத்த வகைகளுள் ஒவ்வொரு கருவியையும் பொருத்தி, எண்ணி, விழுக்காடு காணும் வழி இது. பிரெஞ்சுத் தொல்லியலாளர் பிரான்சுவா போர்ட் 1950களில் வளர்த்தெடுத்து 1961இல் முழுமையாக வெளியிட்ட, 63 செதில் கருவி வகைகள் கொண்ட பட்டியல் இதற்குத் தலையாய எடுத்துக்காட்டு. அவருக்கு முன்பிருந்தோர் ஓரிரு சிறப்பான துண்டுகளைச் சுட்டிக்காட்டித் தொகுப்பின் காலத்தைக் கூறிவந்தனர். அவரோ கிடைத்த கருவிகள் அனைத்தையும் எண்ணித் திரள் வரைகோடாக (விழுக்காடுகளை ஒன்றோடொன்று கூட்டிச் செல்லும் கோடு) வரைந்தார். அதன் வழியாகத்தான் தென்மேற்குப் பிரான்சின் முஸ்தேரியன் (நியாண்டர்தால் மனிதரோடு தொடர்புடைய கருவிமரபு) தொகுப்புகள் ஒரே சீரானவை அல்ல என்பதும், அவை சில குழுக்களாகப் பிரிகின்றன என்பதும் தெளிவாயின. இது சிறிய சாதனையன்று.

சிக்கல் அந்தக் குழுக்களுக்குப் பொருள் சொல்லும்போது எழுந்தது. அவை வெவ்வேறு மரபுடைய மக்கள் கூட்டங்கள் என்றார் போர்ட். 1966இல் லூயிஸ் பின்ஃபோர்டும் சாலி பின்ஃபோர்டும் அவை வெவ்வேறு வேலைகளுக்கான கருவித் தொகுதிகள் என்றனர். பால் மெல்லர்ஸ் அவற்றுள் சில காலத்தால் முன்பின்னானவை என்று வாதிட்டார். மூன்று தரப்பும் கையாண்டவை பெரும்பாலும் அதே வகைகளின் எண்ணிக்கைகளே. 1980களில் ஹெரால்டு டிபிள் எழுப்பிய ஐயம் இன்னும் அடித்தளத்துக்குச் சென்றது. அப்பட்டியலின் 63 வகைகளுள் 9ஆம் எண் முதல் 29ஆம் எண் வரை, ஆக 21 வகைகள், சுரண்டிகள். சாணை பிடிக்கப் பிடிக்க அரிவாள் தேய்ந்து வடிவம் மாறுவதைப் போல, ஒரு விளிம்பில் செதுக்கிய சுரண்டியை மறுபடி மறுபடிக் கூர்தீட்டினால் அது இருவிளிம்புச் சுரண்டியாகவும், பிறகு முனையில் குவியும் சுரண்டியாகவும் மாறக்கூடும் என்று அவர் காட்டினார். அப்படியானால் நாம் தனித்தனி வகைகளாக எண்ணியவற்றுள் பல, ஒரே கருவி தன் வாழ்நாளின் வெவ்வேறு கட்டங்களில் கைவிடப்பட்ட நிலைகளாகும். விழுக்காடுகளின் வேறுபாடு மரபையோ வேலையையோ காட்டாமல், நல்ல கல் எவ்வளவு அருகில் கிடைத்தது, அதை எவ்வளவு சிக்கனமாகப் பயன்படுத்தினார்கள் என்பதையே காட்டலாம்.

இதைவிடக் கண்ணுக்குப் புலப்படாத செலவுகளும் உண்டு. மண்ணின்மேல் கிடந்த செதில்கள் காலடியில் மிதிபடும்போது அவற்றின் விளிம்பில் மறுசெதுக்கலை (விளிம்பை வடிவமைக்கவோ கூராக்கவோ மீண்டும் செதுக்குவதை) போன்ற பல்வெட்டுகளும் குடைவுகளும் உண்டாகின்றன என்பதை 1998இல் வெளியான மிதிப்புச் சோதனைகள் உறுதிப்படுத்தின. வகைப்பட்டியலைக் கையாளும் புதியவர் இவற்றைப் பல்விளிம்புக் கருவி, குடைவுக் கருவி எனத் தயங்காமல் எண்ணிவிடுவார். மேலும், பிரான்சின் பாறைத் தங்குமிடங்களில் கிடைத்த தீக்கல் கருவிகளுக்காக வரையறுத்த வகைகளைக் குவார்ட்சு கட்டிகளின்மேல் ஏற்றும்போது, கல்லின் உடையும் இயல்பால் வந்த வடிவத்தை மனிதரின் நோக்கமாகப் படித்துவிடும் இடர் பெரிது. போர்ட் தாமே கல்லுடைப்பதில் கைதேர்ந்தவர். அவருடைய கண்ணுக்குத் தெரிந்தவை பட்டியலின் வரையறை வரிகளில் முழுவதும் இறங்கவில்லை என்றே நினைக்கத் தோன்றுகிறது.

இத்தனைக்குப் பிறகும் இம்முறையே சிறந்ததாகும் சூழல்கள் இருக்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் அகழ்ந்தவர்கள் பலர் கழிவுச் செதில்களை எறிந்துவிட்டு, முடிவுற்ற கருவிகளை மட்டும் வைத்துக்கொண்டனர். அத்தகைய பெட்டி ஒன்றை மறுபதிவு செய்பவருக்கு உடைப்பு வரிசையைத் தேட வழியே இல்லை. ஒப்பிடவேண்டிய பழைய அறிக்கைகள் வகை எண்ணிக்கைகளை மட்டுமே தந்திருந்தாலும், அந்த மொழியில் பேசியே ஆகவேண்டும்.

## ஐந்து முறைமைகள்

கிரஹாம் கிளார்க் 1969இல் முன்வைத்த எண்வரிசை எளிமையானது: கூழாங்கல் வெட்டுக்கருவிகளும் செதில்களும் முதலாவது, இருமுகக் கைக்கோடரிகள் இரண்டாவது, முன்கூட்டியே பதப்படுத்திய கருக்கல்லிலிருந்து (செதில்கள் எடுக்கப்படும் மூலக்கல்) எடுத்த செதில்கள் மூன்றாவது, நீளலகுகள் நான்காவது, பிடியில் பொருத்தும் நுண்கற்கருவிகள் ஐந்தாவது. ஊர்ப் பெயர்களால் அமைந்த பண்பாட்டுப் பெயர்களின் சுமையின்றி இரு கண்டங்களைப் பற்றி ஒரே பத்தியில் பேச இது உதவும். அதற்கு மேல் இதனிடம் எதிர்பார்க்கக் கூடாது.

ஆர்மீனியாவின் நோர் கெகி களத்தில் ஏறத்தாழ 3,35,000 முதல் 3,25,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட படிவில் இருமுகக் கருவிகளும் லெவலுவா செதில்களும் (மூன்றாவது முறைமைக்குரிய, பதப்படுத்திய கருக்கல்லிலிருந்து எடுத்தவை) ஒன்றாகவே கிடைத்தன. அத்தொகுப்புக்கு எந்த எண்ணைக் கொடுப்பது? ஹாலம் மோவியஸ் 1948இல் ஆசியாவின் குறுக்கே வரைந்த எல்லைக்கோடும் இதே வகை எச்சரிக்கை. கைக்கோடரி மரபு அக்கோட்டுக்குக் கிழக்கே இல்லை என்ற கருத்து, தென்சீனாவின் போசே படுகையில் ஏறத்தாழ 8,03,000 ஆண்டுகள் பழமையான பெரிய இருமுகக் கருவிகள் 2000ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டதும் ஆட்டங்கண்டது. முறைமை எண்களை அறிமுகப் பத்தியில் எழுதலாம். அட்டவணையின் நிரலாக வைக்கலாகாது.

## செய்முறை வரிசை

ஆந்த்ரே லெருவா-குரான் வகுத்த செயல்தொடர் என்னும் கருத்திலிருந்து வளர்ந்த இம்முறை, கல்லைத் தேர்ந்தது முதல் கருவியைக் கைவிட்டது வரையிலான படிகளை மீட்க முயல்கிறது. முடிவுற்ற கருவியைவிடக் கருக்கல்லும் கழிவும் இங்கே அதிகம் பேசுகின்றன. ஒரு செதிலின் தட்டுமேடை (அடி விழுந்த பரப்பு) எப்படிப் பதப்படுத்தப்பட்டுள்ளது, முதுகுப்புறத் தழும்புகள் எந்தத் திசையிலிருந்து வந்தவை, எது எதை வெட்டிச் செல்கிறது, புறணி (கல்லின் இயற்கையான மேற்தோல்) எவ்வளவு மீதமிருக்கிறது என்பவற்றைப் படித்து அதன் இடத்தை வரிசையில் பொருத்துவார்கள். வாய்ப்பிருந்தால் துண்டுகளையே ஒன்றோடொன்று சேர்த்து மூலக்கட்டியை மீட்டமைப்பார்கள். ஏறத்தாழ ஐந்து லட்சம் ஆண்டுகள் பழமையான இங்கிலாந்தின் பாக்ஸ்குரோவ் களத்தில் இப்படிச் சேர்ந்த செதில் தொகுதிகள், கைக்கோடரி செய்த இடத்தையே காட்டின.

இதன் வலிமை வகைப்பட்டியல் தடுமாறும் இடத்தில்தான் தெரியும். 1890ஐ ஒட்டிய ஆண்டுகளில் வில்லியம் ஹென்றி ஹோம்ஸ், வாஷிங்டன் நகரின் பைனி பிராஞ்ச் கல்லெடுப்பிடத்தை அகழ்ந்தார். ஐரோப்பியப் பழங்கற்காலக் கைக்கோடரிகளை ஒத்திருந்ததால் அமெரிக்காவின் மிகத் தொன்மையான கருவிகள் என்று சிலர் கொண்டாடிய முரட்டுத் துண்டுகள், உண்மையில் பிற்காலப் பழங்குடியினர் செய்யத் தொடங்கிப் பாதியில் எறிந்தவை என்பதை அவர் உடைப்புப் படிகளைக் கொண்டே காட்டினார். வடிவ ஒற்றுமை காலத்துக்குச் சான்றாகாது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் குறைவு. இதே பாடம் பின்னர், மிகப் பழைய கற்கருவி மரபுகளுள் ஒன்றான ஓல்டோவான் கருவிகளுக்கும் வந்தது. தான்சானியாவின் ஓல்டுவாய் பள்ளத்தாக்குத் தொகுப்புகளை மேரி லீக்கி 1971இல் வெட்டுக்கருவி, வட்டுக்கருவி, பன்முகக்கருவி எனப் பெயரிட்டுப் பிரித்தார். நிக்கோலஸ் டாத் தாமே கல்லுடைத்துச் செய்த சோதனைகளின் அடிப்படையில் 1985இல், அவ்வடிவங்களுள் பல, கூரிய செதில்களை எடுத்தபின் எஞ்சிய கருக்கற்களாக இருக்கலாம் என்று வாதிட்டார். பட்டியலில் முதன்மை இடம் பெற்றவை எச்சமாகவும், கழிவென்று ஒதுக்கியவை விரும்பிச் செய்த பொருளாகவும் இடம் மாறின.

காலமாற்றத்தைப் படிக்கவும் இம்முறை தேவைப்படுகிறது. தமிழ்நாட்டின் அத்திரம்பாக்கத்தில் ஏறத்தாழ 3,85,000 ஆண்டுகளுக்கு முன் இடைப் பழங்கற்காலம் தொடங்கியது என்று 2018இல் வெளியான முடிவு, பெரிய இருமுகக் கருவிகள் குறைந்தன என்பதை மட்டும் நம்பி நிற்கவில்லை. லெவலுவா முறையில் செதில் எடுத்த சான்றுகளும் அதற்கு அடிப்படையாக அமைந்தன. லெவலுவாவைக் கண்டறிவது ஒரு செதிலின் தோற்றத்தைப் பார்த்துச் சொல்லும் செயலன்று. கருக்கல்லின் இரு முகங்களும் படிநிலையில் வேறுபட்டிருத்தல், செதில் எடுக்கும் முகத்தின் குவிவு முன்கூட்டியே அமைக்கப்பட்டிருத்தல் முதலிய நிபந்தனைகளை எரிக் போயேதா வகுத்துள்ளார். அவற்றைச் சரிபார்க்கக் கருக்கற்கள் வேண்டும்.

செலவைப் பார்ப்போம். சலிக்காமல் தோண்டிய தொகுப்பில் சிறு செதில்கள் இரா; இடையில் படிகள் விடுபட்ட வரிசையை ஊகத்தால் நிரப்பும் சலனம் வரும். ஒரே தோற்றமுள்ள செதில் வேறுபட்ட வழிகளில் உண்டாகலாம் என்பதால், தான் எதிர்பார்த்த வரிசையையே ஆய்வாளர் கண்டுபிடித்துவிடும் இடரும் இருக்கிறது. இம்முறையில் எழுதிய அறிக்கைகள் சிலவற்றில் விளக்கம் மிக அழகாக இருக்கும், ஆனால் எத்தனை செதில்கள் அதற்குச் சான்று என்ற எண் எங்கும் இருக்காது. தாமே கல்லுடைத்துப் பழகாதவர் இம்முறையைத் தனியே கையாள்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

## பண்புக்கூறும் அளவீடும்

இங்கே கல்லுக்குப் பெயர் சூட்டுவதற்கு முன் அதன் கூறுகள் தனித்தனியே பதிவாகின்றன: நீளம், அகலம், தடிமன், தட்டுமேடையின் வகையும் அளவும், புறணியின் பங்கு, தழும்புகளின் எண்ணிக்கை, மறுசெதுக்கலின் இடமும் கோணமும், கல்லின் வகை, உடைவு. டெரெக் ரோ 1960களில் பிரித்தானியக் கைக்கோடரிகளுக்குச் செய்தது இதற்கு நல்ல தொடக்கப் பாடம். அடியிலிருந்து மிகுதியான அகலம் அமைந்த இடம் வரையுள்ள தொலைவை மொத்த நீளத்தால் வகுத்து, விடை 0.35 வரை இருந்தால் கூர்முனை வடிவம், அதற்கு மேல் 0.55 வரை நீள்வட்ட வடிவம், அதற்கும் மேல் அகல்முனை வடிவம் என்று அவர் பிரித்தார். இந்த எல்லைகள் இயற்கையில் இருப்பவை அல்ல. ஆனால் யார் அளந்தாலும் ஒரே பெட்டியில்தான் விழும்.

ஆலன் சல்லிவனும் கென்னத் ரோசனும் 1985இல் கழிவுச் செதில்களுக்குத் தந்த நால்வகைப் பகுப்பும் இவ்வழியதே. உட்புற முகம் தெரிகிறதா, அடி விழுந்த புள்ளி இருக்கிறதா, ஓரங்கள் முழுமையாக உள்ளனவா என்ற மூன்று வினாக்களுக்கு ஆம், இல்லை என விடையெழுதினாலே முழுச்செதில், உடைந்த செதில், செதில் துண்டு, சிதைவு என்று பிரிந்துவிடும். ஒரு பருவத்துக்குள் ஆயிரக்கணக்கான துண்டுகளை முடிக்கவேண்டியவருக்கு இது பெருந்துணை. அப்பகுப்பின் விகிதங்களைக் கொண்டு செய்முறையை ஊகிப்பதில் மட்டும் அடக்கம் தேவை. டிபிள் எழுப்பிய கூர்தீட்டல் சிக்கலையும் அளவீட்டால் அணுகலாம்: மறுசெதுக்கல் ஏறிய உயரத்தைச் செதிலின் மிகுதடிமனால் வகுக்கும் ஸ்டீவன் கூனின் 1990ஆம் ஆண்டுக் குறியீடு சுழியத்திலிருந்து ஒன்று வரை நகர்ந்து, சுரண்டி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதைத் தோராயமாகச் சொல்கிறது. முதுகு தட்டையான செதில்களில் அது மிகைப்படுத்திச் சொல்லும்.

முப்பரிமாண வருடியால் வடிவத்தைப் பதிந்து, குறிப்புள்ளிகளைக் கொண்டு ஒப்பிடும் வடிவ அளவியலும் இவ்வழியின் நீட்சியே. இதைப் பற்றி ஒரு சொல் கூடுதலாகச் சொல்லவேண்டும், ஏனெனில் புதியவர்களை இப்போது அதிகம் ஈர்ப்பது இதுதான். முழுமையான கருவிகளே இதற்குப் பெரும்பாலும் உகந்தவை என்பதால், உடைந்தவை மிகுந்த தொகுப்பில் மாதிரி ஒருபக்கம் சாய்ந்துவிடும். வெளிக்கோட்டை மட்டும் பதியும்போது எந்தச் செதில் முதலில் எடுக்கப்பட்டது என்பது காணாமற்போகிறது. கைக்கோடரியின் சமச்சீர்மை போன்ற வடிவம் சார்ந்த கேள்வி கையில் இருந்தால் இது சிறந்தது. கேள்வியே இன்னும் பிறக்காதபோது வருடியை வாங்குவது வீண்.

பண்புக்கூறு முறையின் பொதுவான செலவு, எதை அளப்பது என்று முடிவு செய்யாமல் எல்லாவற்றையும் அளந்து, பிறகு எதற்கும் பயன்படுத்தாமல் விடுவது. ஒவ்வொரு கூறுக்கும் வரையறை எழுதிய ஏடு இல்லாவிட்டால் அளவீட்டிலும் ஆளுக்கு ஆள் வேறுபாடு வரும். நீளத்தை உடைப்புத் திசையில் அளந்தார்களா, மிகுநீளமாக அளந்தார்களா என்பதே தெரியாத பதிவேடுகள் ஏராளம்.

## தேய்மான ஆய்வு

செர்கெய் செமியோனோவ் 1957இல் வெளியிட்ட ஆய்வுகள் இத்துறையைத் தொடங்கின; லாரன்ஸ் கீலி 1970களில் உயர் உருப்பெருக்கத்தில் விளிம்பின் மெருகைக் கொண்டு, வெட்டப்பட்டது இறைச்சியா, மரமா, தோலா, எலும்பா எனப் பிரிக்க முனைந்தார். கென்யாவிலுள்ள கூபி ஃபோராவின் ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகள் பழமையான செதில்களை அவரும் டாத்தும் ஆராய்ந்து 1981இல் வெளியிட்ட முடிவில், பார்த்த ஐம்பதுக்கும் மேற்பட்ட துண்டுகளுள் ஒன்பதில் இறைச்சி, மரம், புல் போன்ற மென்தாவரம் ஆகியவற்றை அறுத்த தடயங்கள் தெரிந்தன. வகைப்பட்டியல் இத்தகைய துண்டுகளைக் கழிவென்றே எழுதியிருக்கும்.

ஒன்பது என்ற எண்ணையும் கவனிக்க வேண்டும். இம்முறை சில துண்டுகளைப் பற்றி ஆழமாகச் சொல்லும், தொகுப்பைப் பற்றி அல்ல. கரடுமுரடான பாறைகளில் மெருகைக் காண்பது கடினம். ஆற்றில் உருண்டு வந்தவற்றில் பெரும்பாலும் ஒன்றும் எஞ்சாது. தூரிகையால் அழுத்தித் தேய்த்துக் கழுவுவதும், பல கற்களை ஒரே பையில் போட்டு வண்டியில் ஏற்றுவதும் விளிம்பைக் கெடுக்கும். ஒட்டியிருந்த பிசினும் மாவுத் துகள்களும் நீரோடு போய்விடும். ஆகவே இதைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திப்போட முடியாது.

## எந்த நிலையில் எது

புதிய அகழாய்வு நடக்கிறது, சலிப்பு உண்டு, கழிவும் சேர்கிறது என்றால், ஒவ்வொரு படிவிலிருந்தும் சில துண்டுகளைக் கழுவாமல் தனித்தனிப் பைகளில் ஒதுக்கிவிட்டு, மற்றவற்றுக்குப் பதினைந்துக்கு மிகாத பண்புக்கூறுகளைப் பதிவு செய்யுங்கள். வகைப்பெயர் அப்பதிவில் கடைசி நிரலாக இருக்கட்டும். நல்ல பண்புக்கூறு அட்டவணையிலிருந்து வகை எண்ணிக்கைகளைப் பெரும்பாலும் மீட்டெடுத்துவிடலாம். வகை எண்ணிக்கையிலிருந்து பண்புக்கூறுகளை மீட்க எந்த வழியும் இல்லை. அகழாய்வுக் குழுவில் கல்லுடைக்கத் தெரிந்த ஒருவர் இருந்தால், கருக்கற்களையும் அவற்றைச் சார்ந்த செதில்களையும் மட்டும் செய்முறை வரிசைக்காக அவரிடம் பிரித்துக் கொடுக்கலாம்.

கழிவற்ற பழைய அருங்காட்சியகப் பெட்டி என்றால் வகைப்பட்டியலோடு தொடங்கி, சுரண்டிகளுக்குக் கூனின் குறியீட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முன்பு வேறொருவர் எழுதிய வகைப்பெயரை அழிக்காமல், உங்கள் பெயரை அருகில் தனியே எழுதுங்கள். இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடே சில வேளைகளில் பயனுள்ள தரவாகும்.

நிலப்பரப்பில் பொறுக்கிய சில பத்துக் கற்கள் என்றால் விழுக்காடு போடுவதே தவறு. அங்கே வரைபடமும் ஒளிப்படமும் அளவுகளும் கிடைத்த இடத்தின் துல்லியமான குறிப்பும் போதும். 30 கருவிகளில் மூன்று பல்விளிம்பானவை என்பதைப் பத்து விழுக்காடு என்று எழுதினால், அந்த மூன்றில் இரண்டு ஆடுமாடுகள் மிதித்து உண்டானவையாக இருக்கலாம் என்பது அந்த எண்ணுக்குள் மறைந்துவிடும்.